மருத்துவக் கல்லூரிப் பெண் ஆசிரியர்களுக்கான தலைமைப் பயிற்சி: எதற்குச் சேரலாம், எதைத் தவிர்க்கலாம்

நான் மயக்கவியல் துறையில் இணைப் பேராசிரியர். ஆபரேஷன் தியேட்டரில் நின்றே பாதி ஆயுள் போய்விட்ட ஆள். மருத்துவக் கல்லூரிகளில் வேலை பார்க்கும் பெண் ஆசிரியர்களுக்கென்றே நடத்தப்படும் ஒரு தலைமைப் பயிற்சியை அண்மையில் முடித்தேன். அதிலிருந்து பலரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "மேடம், சேரலாமா? நேரத்துக்குப் பிரயோஜனம் உண்டா?" தனித்தனியாகக் குரல் செய்தி அனுப்பி அலுத்துவிட்டது. அதனால் இங்கேயே விரிவாக எழுதிவிடுகிறேன். பயிற்சியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. நடத்துகிறவர்கள் நல்லவர்கள்; குறைகளை அவர்களிடமே எழுத்தில் கொடுத்துவிட்டேன்.

முதலில் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். சேரலாம். ஆனால் எல்லா வகுப்புக்கும் ஒரே மாதிரி தலையைக் கொடுக்காதீர்கள். நம்மைத் திருத்துவதற்காக வைத்த வகுப்புகளில் பெரிதாக ஒன்றும் இல்லை. கல்லூரி எப்படி இயங்குகிறது, பதவி உயர்வு எந்த மேஜையில் யார் வாயால் தீர்மானமாகிறது என்று காட்டிக்கொடுத்த வகுப்புகள் அத்தனையும் தங்கம்.

அமைப்பு இப்படி: பெரும்பாலும் இணையவழி வகுப்பு, இடையில் நேரில் கூடும் அமர்வுகள், ஒவ்வொருவருக்கும் தனியாக ஒரு வழிகாட்டி, கடைசியில் சொந்தக் கல்லூரியில் செய்து காட்டவேண்டிய ஒரு திட்டப்பணி. சேர்வதற்கு டீனின் பரிந்துரைக் கடிதம் கட்டாயம். இந்த வடிவத்துக்கு முன்னோடி அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியாவில் 1995-இல் தொடங்கிய இலாம் என்ற திட்டம். அது இப்போது நடக்கும் டிரெக்ஸல் மருத்துவக் கல்லூரியின் பூர்வீகத்தைத் தேடிப்போனால், 1850-இல் பெண்களுக்கென்றே திறந்த மருத்துவக் கல்லூரியில் போய் நிற்கும். 1886-இல் இந்தியாவிலிருந்து போன ஆனந்திபாய் ஜோஷி மருத்துவப் பட்டம் வாங்கியது அங்கேதான். முதல் அமர்வில் இதைச் சொன்னபோது எனக்குச் சிலிர்த்தது உண்மை. அடுத்த ஒரு மணி நேரத்தில் அந்தச் சிலிர்ப்பு இறங்கிவிட்டது என்பதும் உண்மை.

ஏனென்றால் அடுத்து வந்தது தன்னம்பிக்கை வகுப்பு. நிமிர்ந்து உட்காருங்கள், "மன்னிக்கவும்" என்று பேச்சைத் தொடங்காதீர்கள், குரலைத் தாழ்த்தாதீர்கள், உங்களுக்குள் இருக்கும் இம்போஸ்டர் சின்ட்ரோமை, அதாவது தகுதியில்லாமல் இங்கே வந்துவிட்டோமோ என்ற உள்பயத்தை, அடையாளம் காணுங்கள். அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் குழந்தைகளுக்கு இதய அறுவை செய்கிறவர். இன்னொருவர் தொற்றுநோய் பரவிய காலத்தில் ஒரு மாவட்டத்தின் முழுப் பரிசோதனைப் பணியையும் நடத்தியவர். நடுராத்திரியில் மூச்சுக்குழாய் கிடைக்காத நோயாளிக்குக் கழுத்தில் கத்தி வைத்து வழி திறந்தவள் நான். எங்களுக்கு நிமிர்ந்து உட்காரச் சொல்லித் தருகிறார்கள்! 1978-இல் பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் சாதனை செய்த பெண்களிடம் கண்டு எழுதிய ஒரு விஷயம், இன்று எதற்கெடுத்தாலும் ஒட்டும் பிளாஸ்திரி ஆகிவிட்டது.

தயக்கமே இல்லாத பெண்ணுக்கும் பதவி தள்ளித்தான் போகிறது. இதற்கு ஆதாரம் கொட்டிக் கிடக்கிறது. 2015-இல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வந்த ஆய்வு, அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளில் வேலை பார்க்கும் 91,073 மருத்துவர்களைக் கணக்கெடுத்தது. முழுப் பேராசிரியர் நிலையை எட்டியிருந்தவர்கள் பெண்களில் 11.9 சதவீதம், ஆண்களில் 28.6 சதவீதம். வயது, அனுபவம், சிறப்புத்துறை, கட்டுரை எண்ணிக்கை எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தாலும் இடைவெளி முழுதாக மறையவில்லை. 2020-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது இன்னும் கசப்பு: 35 ஆண்டுக் காலப் பட்டதாரிகளைத் தொடர்ந்து பார்த்ததில், பிந்தைய ஆண்டுகளில் படித்து வந்தவர்களுக்கும் இடைவெளி குறைந்தபாடில்லை. பெண்கள் அதிகமாக வந்தால் காலப்போக்கில் தானாகச் சரியாகிவிடும் என்று சொல்லும் சீனியர்களிடம் காட்டுவதற்காக அதை ஃபோனிலேயே வைத்திருக்கிறேன்.

சரி, அந்த வகுப்பை விடுங்கள். கட்டணம் முழுவதும் ஒரே மதியத்தில் வசூலானது என்றால் அது வேலைக் கணக்கு போட்ட அன்றுதான்.

அந்த அமர்வை நடத்தியவர் ஒரு முன்னாள் துணை டீன். ஸ்லைடு கிடையாது. ஒரு வெள்ளைத்தாள் எடுக்கச் சொன்னார். நோயாளி, வகுப்பு, ஆய்வு மூன்றும் நீங்கலாக, அண்மையில் கல்லூரிக்காகச் செய்த எல்லா வேலையையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுத வேண்டும். அப்புறம் ஒவ்வொன்றுக்கும் எதிரே, பதவி உயர்வுக் குழு இதற்கு மதிப்பெண் தருமா என்று பார்த்து டிக் போட வேண்டும். என் தாளில் இருந்தவை: மாதாமாதம் டியூட்டி ரோஸ்டர் போடுவது, அங்கீகார ஆய்வுக்கு ஃபைல் அடுக்குவது, வெளித் தேர்வாளர்களை வரவேற்பது முதல் வண்டியேற்றி விடுவது வரை, துறைக் கூட்டத்தில் மினிட்ஸ், கருத்தரங்குக்கு நினைவுப் பரிசு தேர்ந்தெடுப்பது, பிஜி (முதுநிலை) மாணவர்களின் விடுப்புச் சண்டைகளைத் தீர்ப்பது, முதலாண்டில் அழுதுகொண்டு வரும் பெண்ணை உட்காரவைத்துப் பேசுவது. தாள் நிறைந்துவிட்டது. டிக் இரண்டோ மூன்றோதான். பக்கத்தில் உயிர்வேதியியல் பேராசிரியர் ஒருவர் தன் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "இதை நான் வீட்டில் யாரிடமும் காட்ட முடியாது" என்றார்.

பிறகுதான் ஆய்வைச் சொன்னார் அந்த அம்மா. லிண்டா பாப்காக்கும் மற்றவர்களும் 2017-இல் அமெரிக்கப் பொருளியல் இதழில் வெளியிட்டது. மூன்று பேர் கொண்ட குழு. கணினித் திரையில் ஒரு பொத்தான். இரண்டு நிமிடத்துக்குள் யாராவது ஒருவர் அழுத்தியாக வேண்டும்; அழுத்துகிறவருக்கு மற்றவர்களைவிடக் குறைவான பலன்; யாருமே அழுத்தாவிட்டால் எல்லோருக்கும் நஷ்டம். கலப்புக் குழுக்களில் பெண்கள் ஆண்களைவிட 48 சதவீதம் அதிகமாக அழுத்தினார்கள். சரி, பெண்களுக்கு இயல்பிலேயே இளகிய மனசு என்று முடித்துவிடலாமா? முடியாது. குழு முழுக்க ஆண்கள் என்றாலும், முழுக்கப் பெண்கள் என்றாலும் வித்தியாசம் காணாமல் போய்விட்டது. பக்கத்தில் ஒரு பெண் இருந்தால் அவள் செய்துவிடுவாள் என்று ஆண்கள் காத்திருந்திருக்கிறார்கள். யாரிடம் வேலையைக் கேட்கலாம் என்று ஒரு மேலாளரிடம் முடிவை விட்டபோதும், அந்த மேலாளர் ஆணானாலும் பெண்ணானாலும், கேட்டது அதிகம் பெண்களிடம்தான். வகுப்பில் ஒரு கணம் ஈ பறந்தாலும் கேட்கும் அமைதி. எல்லோர் தலையிலும் அவரவர் துறைக் கூட்டம் ஓடியிருக்கும்.

இந்த ஆய்வைச் சொல்லிவிட்டு "ஆகவே மறுக்கக் கற்றுக்கொள்ளுங்கள்" என்று அனுப்பியிருந்தால் இதைப் பற்றி எழுதியே இருக்க மாட்டேன். மறுக்கும் பெண்ணுக்கு என்ன பெயர் கிடைக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அவர் சொன்னது வேறு. இரண்டு காரியம் செய்யுங்கள் என்றார். ஒன்று, வேலை வரும்போது உடனே ஆம் இல்லை சொல்லாமல், "எடுத்துக்கொள்கிறேன் சார், இப்போது என் கையில் இருக்கிறவற்றில் எதை யாருக்கு மாற்றிவிடலாம் என்று சொல்லுங்கள்" என்று பட்டியலை நீட்டுங்கள். இரண்டாவது, ஆள் பார்த்துக் கொடுக்கும் வேலையை முறை வைத்துச் சுற்றும் வேலையாக மாற்றச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். யாரையும் குற்றம் சொல்லத் தேவையில்லை. பெயர்ப் பட்டியல் அகர வரிசையில் இருந்தால் போதும்.

இதைத் துறையில் செய்து பார்த்தேன். ரோஸ்டரையும் மினிட்ஸையும் முறை வைக்கலாம் என்று ஒரு பக்கக் குறிப்பு கொடுத்தேன். தலைவர் படித்துவிட்டு, "நீங்க போட்டாத்தான் மேடம் சண்டை இல்லாம ஓடுது" என்றார். பாராட்டுதான். அந்தப் பாராட்டில்தான் இத்தனை வருடமும் வண்டி ஓடியது. "அதனாலதான் சார், எல்லாரும் கத்துக்கட்டும்" என்றேன். அடுத்த மாத ரோஸ்டரை ஓர் ஆண் உதவிப் பேராசிரியர் போட்டார். ஒருவருக்கு அடுத்தடுத்து இரண்டு நைட் விழுந்து ரகளை ஆனது. அதற்கடுத்த மாதம் அவரே ஒரு விரிதாள் தயார்செய்து, என்னைவிட நன்றாகப் போட்டார். இந்த ஒன்றுக்காகவே பயிற்சிக்கு நன்றி சொல்வேன்.

தன்விவரக் குறிப்பு அமர்வும் இதே தரம். வழிகாட்டி என் குறிப்பை எடுத்து, முதல் பக்கத்தில் "பொறுப்பு வகித்தார்" என்று வரும் இடமெல்லாம் கோடு போட்டார். பொறுப்பு வகித்ததில் என்ன நடந்தது என்று கேட்டார். "பிஜி மாணவர்களுக்கு சிமுலேஷன் பயிற்சியில் ஈடுபாடு" என்று ஒரு வரி இருந்தது. அது இப்போது எந்தெந்தச் சிகிச்சைமுறைக்குப் பயிற்சித் தொகுதி உருவாக்கினேன், எத்தனை பேட்ச் முடித்தது, மற்ற எந்தத் துறைகள் அதை எடுத்துக்கொண்டன என்று மூன்று வரிகளாக இருக்கிறது. கட்டுரைப் பட்டியலில் முதல் ஆசிரியர், தொடர்பு ஆசிரியர், கடைசி ஆசிரியர் எவை என்று தடித்த எழுத்தில் தெரிய வேண்டும் என்றார். தேர்வுக் குழு உறுப்பினர் ஒரு விண்ணப்பத்தைப் புரட்டும் வேகம் நமக்குத் தெரியாததா? நாமே தேர்வாளராகப் போய் அப்படித்தானே புரட்டுகிறோம்.

அதோடு பரிந்துரைக் கடிதங்களையும் எடுத்தார்கள். அமெரிக்காவின் ஒரு பெரிய மருத்துவக் கல்லூரியில் வேலை கிடைத்தவர்களுக்காக எழுதப்பட்ட 300-க்கும் மேற்பட்ட கடிதங்களை ஃபிரான்சஸ் டிரிக்ஸ், கரோலின் சென்கா என்ற இருவர் ஆராய்ந்து 2003-இல் வெளியிட்டார்கள். பெண்களுக்கான கடிதங்கள் சராசரியில் குட்டை. சந்தேகம் கிளப்பும் வாக்கியங்கள் அதிகம். உழைப்பைப் புகழும் சொற்கள் தூக்கல், ஆய்வைப் பேசுவது குறைவு. பெயரை அழித்துவிட்டு எங்கள் துறைகளின் கடிதங்களைக் கொண்டுவரச் சொன்னார்கள். "கடும் உழைப்பாளி", "எல்லோரிடமும் இனிமையாகப் பழகுபவர்", "எந்த வேலை கொடுத்தாலும் முகம் சுளிக்காதவர்" என்று படிக்கப் படிக்கச் சிரிப்பு. இந்த விண்ணப்பதாரர் எந்தச் சிறப்புத்துறை என்று கண்டுபிடியுங்கள் என்றார் வழிகாட்டி. ஒரு கடிதத்தில் கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை.

ஆதரவாளர் பற்றிய அமர்வைப் பற்றி ஊரெல்லாம் புகழ்கிறார்கள். எனக்குப் பாதி பிடித்தது. கட்டுரையைத் திருத்தித் தரும் பெரியவர் நம் எல்லோருக்கும் ஒருவராவது உண்டு. நாம் இல்லாத அறையில், ஆசிரியர் குழுவுக்கோ மாநாட்டு மேடைக்கோ ஆள் தேடும்போது நம் பெயரை எடுக்கிறவர் எத்தனை பேருக்கு உண்டு? அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனங்களின் தொடக்கநிலை ஆய்வு நிதி பெற்றவர்களைக் கேட்டுப் பார்த்த ஓர் ஆய்வில், அப்படி ஒருவர் தமக்காக முன்னால் நின்றதாகச் சொன்னவர்கள் ஆண்களில்தான் அதிகம். ஆக, பிரச்சினையைச் சரியாகப் பிடித்தார்கள். தீர்வு என்று தந்ததோ, "மூத்தவர்களோடு உறவை வளர்த்துக்கொள்ளுங்கள்" என்பது. அந்த உறவுகள் எங்கே வளர்கின்றன? மாநாடு முடிந்த ராத்திரியில், விடுதி வராந்தாவில், பதினொரு மணிக்குமேல். அங்கே பெண்கள் எப்படி நிற்பது, நின்றால் மறுநாள் என்ன பேச்சு வரும் என்பதைப் பயிற்சி கண்டுகொள்ளவே இல்லை. கேள்வியாகக் கேட்டேன். "நல்ல கேள்வி" என்று சொல்லிவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார்கள்.

சிறியது ஆனாலும் மறக்க முடியாதது, பேச்சாளரை அறிமுகம் செய்வது பற்றிய அரைமணி நேரம். அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனையில் கிராண்ட் ரவுண்ட்ஸ் எனப்படும், மருத்துவர்கள் கூடிக் கேட்கும் உரைகளின் ஒளிப்பதிவுகளைப் பார்த்து 2017-இல் ஓர் ஆய்வு வந்தது. ஆண் ஒருவர் இன்னோர் ஆண் மருத்துவரை அறிமுகம் செய்யும்போது 72.4 சதவீத முறை "டாக்டர்" பட்டத்தோடு அழைத்திருக்கிறார். ஆண், பெண் மருத்துவரை அறிமுகம் செய்யும்போது 49.2 சதவீதம்தான். பெண் அறிமுகம் செய்தால், ஆண் பெண் எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் சுமார் 96 சதவீத முறை பட்டத்தோடுதான். இதற்குத் தீர்வும் எளிது, செலவும் இல்லை: அறிமுக வாசகத்தைத் துறையே ஒரே படிவமாக அச்சிட்டுக் கொடுத்துவிடுவது. எங்கள் துறையில் இப்போது அப்படித்தான்.

பேரம் பேசுவது பற்றிய வகுப்புக்கு வருகிறேன். பெருநிறுவன ஆள் ஒருவரைக் கூட்டிவந்திருந்தார்கள். பேச்சு மணியாக இருந்தது, விஷயம் நமக்குப் பொருந்தவில்லை. சம்பளத்தை எப்படி உயர்த்திக் கேட்பது என்று மணிக்கணக்கில் சொன்னார். சம்பள வேறுபாடு கட்டுக்கதை இல்லை. அமெரிக்காவில் ஆய்வு நிதி பெற்ற மருத்துவர்களிடையே, சிறப்புத்துறை, பதவி, வேலை நேரம், கட்டுரைகள் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் ஆண்டுக்குச் சராசரியாக 13,399 டாலர் வித்தியாசம் இருந்ததாக ரேஷ்மா ஜக்சியும் மற்றவர்களும் 2012-இல் காட்டியிருக்கிறார்கள். ஆனால் ஊதிய அளவுகோல் அச்சடித்து ஒட்டியிருக்கும் நிறுவனத்தில் வேலை பார்க்கிறவள் எதைக் கேட்பது? ஆய்வுக்கு ஒதுக்கிய நாள், ஆய்வகத்தில் ஒரு மேஜை, ஒரு டெக்னீஷியன், தியேட்டர் பட்டியலில் காலை வேளை, வழிகாட்டும் பிஜி மாணவர் ஒதுக்கீடு, பயிற்சிக்கு விடுப்பு. எங்கள் உலகத்தில் பேரம் நடப்பது இவற்றில்தான். இதை வகுப்பில் சொன்னது ஒரு கண் மருத்துவர், பயிற்றுநர் குறிப்பெடுத்துக்கொண்டார். எனக்குத் தெரிந்து அந்த வகுப்பில் கற்றுக்கொண்டவர் அவர் ஒருவர்தான்.

நிதி வகுப்பைத் தவற விடாதீர்கள். தலைப்பைப் பார்த்ததும் தூக்கம் வரும். ஆனால் துறை பட்ஜெட் எப்போது கேட்கப்படுகிறது, எந்தக் கட்டத்தில் வெட்டுவார்கள், புதுப் பணியிடம் கேட்டால் அது எந்தெந்த மேஜையில் நிற்கும் என்று ஒரு நிதி அலுவலர் படம் போட்டுக் காட்டினார். மானிட்டர் கேட்டு வருடக்கணக்காகக் கடிதம் போடும் துறைகள் ஏன் வெறுங்கையோடு இருக்கின்றன என்பது அப்போதுதான் புரிந்தது.

இதற்கு நேர்மாறு, சுற்றியிருப்பவர்கள் நம்மை மதிப்பிடும் அந்த 360 டிகிரி அறிக்கை. பெரிய நிறுவனங்களுக்குச் செய்த கருவியைச் சின்னத் துறைக்குள் கொண்டுவந்து வைத்தால் ரகசியம் எங்கே நிற்கும்? கருத்தைப் படித்தவுடனே எழுதியவரின் கையெழுத்தே கண்ணில் தெரிகிறது. எனக்கு வந்ததில் ஒன்று: "இன்னும் கொஞ்சம் சிரித்த முகமாக இருக்கலாம்." தியேட்டரில் நாள் முழுக்க மாஸ்க் போட்டிருப்பவளிடம்! வழிகாட்டியும் நானும் சிரித்துவிட்டு அந்தப் பக்கத்தைத் தள்ளி வைத்தோம். அவரோடு பேசிய மற்ற உரையாடல்கள் எல்லாம் நன்றாக இருந்தன. வழிகாட்டி அமைவதில்தான் எல்லாம் இருக்கிறது. பிடிக்காவிட்டால் மாற்றித் தருகிறார்கள், கூச்சப்படாமல் கேளுங்கள்.

திட்டப்பணிக்கு வருவோம். பேறுகால விடுப்பு முடிந்து திரும்பும் பிஜி மாணவிகள் வேலைக்குள் எப்படி மீண்டும் நுழைவது என்பதை எடுத்துக்கொண்டேன். மயக்கவியலில் இது சும்மா இல்லை. மாதக்கணக்கில் நோயாளியின் மூச்சுக்குழாயில் டியூப் போடாத கை, திரும்பிய முதல் வாரத்திலேயே நைட் கால். கேஸ் நடுவில் தியேட்டரை விட்டு நகர முடியாது; பால் கட்டி வலித்தாலும் அசையாமல் நிற்க வேண்டும். நான் எழுதிய திட்டம் இது: முதல் சில வாரங்கள் பகல் பட்டியல் மட்டும், முதல் கேஸுக்கு முன் மேனிகின் பொம்மையில் மூச்சுவழி (ஏர்வே) பயிற்சி, இரண்டு கேஸ்களுக்கு இடையே மாற்று ஆள் நிற்கும் இடைவேளை, கேள்வி கேட்க ஒரு குறிப்பிட்ட சீனியர்.

எதிர்ப்பு நான் நினைத்த இடத்திலிருந்து வரவில்லை. தலைவர் சரி என்றுவிட்டார். "அவங்க நைட்டை நாங்க ஏன் பாக்கணும், மேடம்?" என்று கேட்டது மற்ற பிஜி மாணவர்கள், அதில் மாணவிகளும் உண்டு. நியாயமான கேள்விதான். பயிற்சியில் சொல்லித் தந்த ஒரு முறை இங்கே கைகொடுத்தது: திட்டத்தால் பாதிக்கப்படுகிறவர்கள் யார் யார் என்று எழுதி, ஒவ்வொருவரும் எதை இழக்கிறார்கள் என்பதை அவர்கள் வாயாலேயே கேட்டு எழுதுவது. கேட்டபோது தெரிந்தது, அவர்களுக்கு நைட்டைவிடக் கோபம் அது திரும்பி வராது என்பதில்தான். அதனால் நைட்டுகளைக் கணக்கில் வைத்து வருடத்துக்குள் திருப்பித் தருவது என்று மாற்றினேன். பெரிய அறுவைக்குப் பிறகு திரும்புகிறவருக்கும், குழந்தை பிறந்த அப்பாக்களுக்கும் அதே வசதி என்று சேர்த்தேன். அதன்பின் கையெழுத்துகள் மடமடவென விழுந்தன. விதி இப்போது துறைக் கையேட்டில் இருக்கிறது. பால் எடுப்பதற்குக் கேட்ட அறை மட்டும் இன்னும் வரவில்லை. அந்த அறையில் ஓடாத பழைய பாய்ல்ஸ் மெஷின்கள் (மயக்க மருந்து கொடுக்கும் கருவிகள்) இருக்கின்றன. அவற்றைக் கழித்துக்கட்டும் கோப்பு எங்கே நிற்கிறது என்று நிதி வகுப்பின் புண்ணியத்தில் எனக்குத் தெரியும். தினமும் அங்கே போய் நிற்கிறேன்.

பயிற்சி நடத்துகிறவர்கள் செய்த பெரிய தவறு இங்கேதான். இறுதி அமர்வில் போஸ்டர் ஒட்டினோம், கை தட்டினார்கள், சான்றிதழ் தந்தார்கள். அதற்குப் பிறகு திட்டம் உயிரோடு இருக்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. பாதிப் பேருடைய திட்டம் போஸ்டரோடு முடிந்துவிட்டது.

அதைவிடப் பெரிய குறை ஒன்று. டீன்கள் பரிந்துரைக் கடிதத்தில் கையெழுத்துப் போடுவதோடு சரி. "பயிற்சி நேரத்தில் வேறு பணி தரப்படாது" என்று என் கடிதத்தில் தெளிவாக இருந்தது. வகுப்பு நடக்கும் மதியங்களில் தியேட்டர் பட்டியலிலும் என் பெயர் தெளிவாக இருந்தது. பாதி வகுப்புகளை ஓய்வறையில் ஒரு காதில் மட்டும் கேட்டேன். பாலியல் தொந்தரவு பற்றி ஒரே ஒரு குறுகிய அமர்வு. புகார்க் குழு, உதவி எண், முடிந்தது. அமெரிக்கத் தேசிய அகாடமிகளின் 2018-ஆம் ஆண்டு அறிக்கை, தொந்தரவு நடக்குமா நடக்காதா என்பதை எல்லாவற்றையும்விட அதிகமாகத் தீர்மானிப்பது நிறுவனத்தின் சூழல்தான் என்று சொல்கிறது. சூழலை மாற்றும் அதிகாரம் உள்ளவர்கள் யாரும் அந்த வகுப்பில் இல்லை.

பிரிட்டனில் வேறு வழியில் போனார்கள். அதீனா ஸ்வான் என்ற சாசனம் 2005-இல் வந்தது. பெண்களுக்கு வகுப்பு எடுப்பதற்குப் பதில், பெண்களை எப்படி நடத்துகிறீர்கள் என்று கல்லூரியிடமே கணக்குக் கேட்டது. 2011-இல் தேசியச் சுகாதார ஆய்வு நிறுவனத்தின் பெரிய நிதிக்குப் போட்டியிட அந்தச் சாசனத்தின் வெள்ளித் தர விருது வேண்டும் என்று அறிவித்தவுடன் மருத்துவக் கல்லூரிகள் விழுந்தடித்துக்கொண்டு விண்ணப்பித்தன. காகித வேலை அதிகம், அதையும் பெண்களே செய்கிறார்கள் என்று விமர்சனம் வந்தது உண்மை; 2020-இல் அந்த நிபந்தனையையும் எடுத்துவிட்டார்கள். இருந்தாலும் நிதியைக் கட்டிவைத்தால் டீன்கள் எவ்வளவு வேகமாக நடப்பார்கள் என்று அந்த ஒன்பது வருடங்கள் காட்டிவிட்டன. எங்கள் பயிற்சியில் இதைப் பற்றி ஒரு ஸ்லைடுகூட இல்லை.

கூடப் படித்தவர்கள்தான் கடைசிவரை மிச்சம். வாட்ஸாப் குழு இன்னும் ஓடுகிறது. காலை வணக்கப் படங்களைத் தாண்டிப் போனால் உருப்படியான காரியம் நடக்கிறது: வெளித் தேர்வாளர் வேண்டுமா, கட்டுரை மதிப்பீட்டாளர் வேண்டுமா, மாநாட்டு மேடைக்கு ஆள் வேண்டுமா, உடனே ஒரு பெயர் விழுகிறது. ஒரு நினைவுச் சொற்பொழிவுக்கு என்னைக் கூப்பிட்டது இப்படித்தான். ஆதரவாளர் வகுப்பு தராததை இந்தக் குழு தந்துவிட்டது.

யாருக்கு இது சரிவரும்? உதவிப் பேராசிரியராக இப்போதுதான் சேர்ந்தவர்களுக்கு அவ்வளவாக ஒட்டாது. கட்டுரை எழுதுவது, நிதி விண்ணப்பம் போடுவது பற்றிய பட்டறைகள் அவர்களுக்கு உடனடிப் பலன். இணைப் பேராசிரியர் ஆகி, அடுத்த படி எங்கே என்று தெரியாமல் நிற்கிறவர்களுக்குச் சரியான நேரம். நோயாளி பார்க்காத அடிப்படைத் துறைக்காரர்கள் கொஞ்சம் ஓரத்தில் உட்காரவைத்த மாதிரி உணர்ந்தார்கள். உதாரணங்கள் எல்லாம் வார்டிலிருந்தும் தியேட்டரிலிருந்தும்தான்.

சேருமுன் நடத்துகிறவர்களிடம் கேளுங்கள்: பயிற்றுநர்களில் மருத்துவக் கல்லூரியில் பதவி வகித்தவர்கள் எத்தனை பேர்? திட்டப்பணியை முடிந்த பிறகும் தொடர்ந்து பார்ப்பீர்களா? டீன் எந்த அமர்வுக்காவது வந்தாக வேண்டுமா? அப்புறம் உங்கள் பக்கத்தில் ஒரு வேலை. டீனின் கடிதத்தில் "வேறு பணி தரப்படாது" என்று மட்டும் எழுத விடாதீர்கள். வகுப்புத் தேதிகளையும், அந்த நேரத்தில் உங்கள் பட்டியலைப் பார்க்கப்போகிறவரின் பெயரையும் சேர்த்து எழுதி வாங்கி, ஒரு நகலை ரோஸ்டர் போடுகிறவரிடம் கொடுத்துவிடுங்கள். விண்ணப்பத்தில் மற்ற எதையும் ஒரே ராத்திரியில் எழுதிவிடலாம். இந்தக் கையெழுத்துக்குத்தான் நாளாகும், அங்கிருந்து தொடங்குங்கள்.